பஞ்சு அரசர் பிரேம்சந்த் ராய்சந்த்

வியாபாரம் மந்தித்துக் கடைகள் மூடுண்டு, பாங்கிக் கதவுகளின் முன் ஜனங்கள் கூடி நிற்கும் காலங்களில் நம்மவர்கள் கேட்கும் முதற் கேள்வி, இதற்குக் காரணமானவன் யார் என்பதே. எவனாவது ஒருவன் அகப்படுவான். அவன் பெயரைச் சொல்லி நாலு நாள் ஏசிவிட்டுப் பின்னர் மறந்து விடுவோம். 1865-ஆம் வருஷத்தின் நடுவில் பம்பாய் நகரம் அவ்வாறு ஏசிய பெயர், அதற்குச் சில மாதங்களுக்கு முன்புவரை அந்நகரமே கைகூப்பித் தொழுத பெயர். அவர்தான் சேட் பிரேம்சந்த் ராய்சந்த். தேசத் தொண்டில் ஈடுபட்டோர் அவருடைய சரித்திரத்தை அறிந்திருத்தல் அவசியமென்று நாம் கருதுகிறோம். ஏனெனில், தேசத்தின் செல்வ நிலையைப் பற்றிப் பேசுகிறவர்களில் பலர் எல்லாவற்றையும் மனிதர்களின் பேராசையாலேயே விளக்கி முடித்து விடுகின்றனர். பேராசை எக்காலத்தும் உள்ளது. வர்த்தகம் ஒரு வருஷம் பொங்குவதும் மறு வருஷம் வடிவதும் அந்த ஒன்றைக் கொண்டு மட்டும் விளங்குமா?

பிரேம்சந்த் 1831-இல் சூரத் நகரத்தில் ஒரு ஜைனக் குடும்பத்தில் பிறந்தார். சூரத்தின் பழைய கீர்த்தி அப்பொழுது மங்கி, துறைமுகச் செல்வமெல்லாம் பம்பாய்க்குப் போய்க்கொண்டிருந்த காலம். தந்தையார் ராய்சந்த் தீப்சந்த் சாதாரண வியாபாரி. அவரும் பலரைப் போலவே பம்பாய்க்குக் குடிபெயர்ந்தார். மகனுக்கு அங்கே இங்கிலீஷ்ப் படிப்புக் கிடைத்தது. இது சிறு விஷயமன்று. அக்காலத்துத் தரகர்களில் இங்கிலீஷ் பேசவும் படிக்கவும் எழுதவும் தெரிந்த முதல் இந்தியர் இவரே என்று சொல்வது வழக்கம். வெள்ளைக்கார வர்த்தகனிடம் துபாஷியின் துணையின்றி நேரே பேசக்கூடிய தரகன் எவ்வளவு விரைவில் முன்னுக்கு வருவான் என்பதைச் சென்னையில் உள்ள நாம் விளக்கத் தேவையில்லை. பெயர் பெற்ற தரகர் ஒருவரிடம் உதவியாளராகச் சேர்ந்த பிரேம்சந்த், முப்பது வயதுக்குள் பஞ்சிலும் பொன் வெள்ளியிலும் பங்குகளிலும் தாமே பெரிய தரகராகி விட்டார். பங்கு வியாபாரத்திற்கு அப்பொழுது கட்டடம் கிடையாது. டவுன் ஹாலுக்கு எதிரே ஆலமரத்து நிழலில் தரகர்கள் கூடுவார்கள்; அதுதான் சந்தை.

இந்த நிலையில் 1861 ஏப்ரலில் அமெரிக்காவில் உள்நாட்டு யுத்தம் மூண்டது. வடநாட்டார் தென்னாட்டாரின் துறைமுகங்களைக் கடற்படையால் முற்றுகையிட்டார்கள். லங்காஷயர் ஆலைகள் நூற்ற பஞ்சில் முக்காற் பங்குக்கு மேல் அத்துறைமுகங்களிலிருந்தே வந்துகொண்டிருந்தது. முதல் வருஷத்தில் ஆலை முதலாளிகள் அதிகம் கலங்கவில்லை. கையிருப்பும், அதற்கு முன் அளவுக்கு மிஞ்சி நெய்து குவித்த துணியும் இருந்தன. 1862-இல்தான் உண்மை உறைத்தது. அவ்வருஷ முடிவில் லங்காஷயரிலும் அதைச் சூழ்ந்த பிரதேசங்களிலும் சுமார் ஐந்து லட்சம் பேர் தர்மக் கஞ்சியை எதிர்பார்த்து நின்றார்கள். லிவர்பூல் சந்தையில் ஒரு ராத்தல் ஏழெட்டுப் பென்ஸுக்கு விற்ற அமெரிக்கப் பஞ்சு 1864-இல் இருபத்தேழு பென்ஸைத் தாண்டியது. அதுவரை குட்டையான இழை, குப்பை மிகுதி என்று இகழப்பட்ட சூரத்துப் பஞ்சை உலகம் தேடி வந்தது. பம்பாயில் யுத்தத்திற்கு முன் 200 ரூபாய்க்கும் குறைவாக விற்ற ஒரு கண்டிப் பஞ்சு 600 ரூபாய்க்கு மேல் போயிற்று. 1863-இல் போர்க் கணவாய் வழியாக மலையேறிய ரெயில் பாதை உள்நாட்டுப் பஞ்சைத் துறைமுகத்திற்கு இழுத்து வந்தது. நம்முடைய திருநெல்வேலிக் கரிசற் சீமைப் பஞ்சும் தூத்துக்குடி வழியே அக்காலத்தில் நல்ல விலை கண்டது. ஆனால் செல்வம் வெள்ளமாய்ப் பாய்ந்தது பம்பாயில்தான்.

பிரேம்சந்தின் திறமை அப்பொழுது வெளிப்பட்டது. லிவர்பூல் விலை பம்பாய்க்குத் தபால் கப்பலில் வந்து சேர வேண்டும். கப்பல் துறையை அடையுமுன்பே கடலுக்குள் சிறு படகுகளை அனுப்பி, தமக்கு வரும் கடிதங்களைப் பிறருக்கு முன் வாங்கிக்கொள்வார் என்று அவரைப் பற்றிக் கூறுவார்கள். நகரம் விலையேற்றத்தை அறியும்போது அவருடைய ஏஜெண்டுகள் பஞ்சு விளையும் தாலூக்காக்களில் கொள்முதலை முடித்திருப்பார்கள். இதில் சூதில்லை, வஞ்சனையில்லை. செய்தியின் விலையை அறிந்திருந்தார், அவ்வளவே. பஞ்சு அரசர் என்ற பட்டம் அவருக்குப் பொருத்தமானதே. அவரிடத்தில் நாம் காணும் குற்றம் பஞ்சு வியாபாரத்தில் அன்று. அதற்குப் பின் வந்ததில்தான்.

அந்த ஐந்து வருஷங்களில் வழக்கமான வருமானத்திற்கு மேற்பட்டு பம்பாய்க்கு வந்த தொகை எழுபது, எண்பது மில்லியன் பவுன் என்று கணக்கிடுகிறார்கள். பொன்னாகவும் வெள்ளியாகவும் அது வந்து குவிந்தது. அதை என்ன செய்வது? ஆலை வைக்கலாமெனில், அந்த விலையில் பஞ்சை நூற்பதைவிடக் கப்பலேற்றுவதே லாபம். ஆகவே பணம் பணத்தையே தேடிப் புறப்பட்டது. புதிய பாங்கிகள், நிதிச் சங்கங்கள், கடலைத் தூர்த்து நிலமாக்கும் கம்பெனிகள், கப்பல் கம்பெனிகள், இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் என வாரத்துக்கொன்றாகத் தோன்றின. 1865 தொடக்கத்தில் அந்த ஒரு நகரத்தில் பாங்கிகள் மட்டும் முப்பதுக்கு மேல். அவற்றுள் சிகரமாக விளங்கியது பாக் பே கடலைத் தூர்ப்பதற்கென்று ஏற்பட்ட கம்பெனி. 5,000 ரூபாய்ப் பங்கு ஒன்று 50,000 ரூபாய் வரை ஏறிற்று. பம்பாய் ஸர்க்காரே அதில் 400 பங்குகள் வாங்க ஆசைப்பட்டது. கல்கத்தாவில் இருந்த மேலதிகார ஸர்க்கார் தடுத்துவிட்டது. குஜராத்திகளும் பார்ஸிகளும் மட்டுமே இதில் மூழ்கினார்கள் என்று நினைத்தல் தவறு. ஐரோப்பிய வர்த்தகர்கள், உத்தியோகஸ்தர்கள், நியாயவாதிகள் எல்லோரும் அந்த ஆலமரத்தடியில் ஆள் வைத்திருந்தனர்.

பிற்காலத்தில் நேர்ந்ததற்கு உயிர்நாடியான ஒரு விஷயத்தை இங்கே சற்று விரித்துரைக்க வேண்டும். பம்பாய் பாங்கி என்பது 1840-இல் ஸர்க்காரின் பங்கோடு ஏற்பட்ட ராஜதானிப் பாங்கி. கம்பெனிப் பங்குகளை ஈடாகக் கொண்டு அது கடன் கொடுக்க முடியாதபடி பழைய சாஸனம் கட்டுப்படுத்தியிருந்தது. 1863-ஆம் வருஷத்துச் சட்டம் அந்தக் கட்டை அவிழ்த்தது. பங்குகளை ஈடு வைத்துக் கடன் வாங்கலாம். அக்கடனைக் கொண்டு மேலும் பங்கு வாங்கலாம். வாங்குவோர் பெருகப் பெருகப் பங்கின் விலை ஏறும். விலை ஏற ஏற அதே பங்கின்மேல் கூடுதலான கடன் கிடைக்கும். ஏணியின் மேற்படியில் நிற்பவனின் பாரத்தைத் தாங்குவது அவன் கையிலுள்ள ஏணியே என்பது போன்ற நிலை. பாங்கியின் டைரக்டர்களில் ஸர்க்கார் நியமித்தவர்களும் இருந்தார்கள். அவர்கள் கண் திறந்து பார்த்ததாகத் தெரியவில்லை. பிரேம்சந்தின் வார்த்தைக்குப் பாங்கியின் காரியதரிசி மறுவார்த்தை சொன்னதில்லை. தமக்கும் தம்மை அண்டியவர்களுக்கும் லட்சக்கணக்கில் கடன் பெற அவருடைய கையெழுத்தே போதுமானதாயிற்று. புதுக் கம்பெனிகளின் பங்குகளை யாருக்கு எத்தனை ஒதுக்குவது என்பதும் பெரும்பாலும் அவர் கையில் இருந்தது. முகமதிப்பில் ஒதுக்கப்பட்ட பங்கை மறுநாளே பல மடங்குக்கு விற்கலாமாகையால், ஒதுக்கீடு என்பது உண்மையில் தானமே. பைகுல்லாவில் இருந்த அவருடைய பங்களாவின் வாயிலில் வெள்ளையரும் கறுப்பரும் பேதமின்றிக் காத்துக் கிடந்தனர்.

இவ்வளவு செல்வாக்கிலும் அவர் நடையில் ஆடம்பரம் மிகுந்திருந்ததாகச் சொல்வதற்கில்லை, கொடையே மிகுந்திருந்தது. 1864-இல் பம்பாய் ஸர்வகலாசாலையின் புத்தகசாலைக்கு 2 லட்சம் ரூபாயும், தம் தாயார் ராஜாபாயின் பெயரால் மணிக்கூண்டு கட்ட மேலும் 2 லட்சமும் கொடுத்தார். கல்கத்தா ஸர்வகலாசாலைக்கும் 2 லட்சம் அளித்தார். தாம் ஒரு நாளும் படித்திராத கலாசாலைகளுக்கு இவ்வாறு கொடுத்த செல்வர்கள் அக்காலத்தில் எத்தனை பேர்?

யுத்தம் நீடிக்கும் என்ற நம்பிக்கையின் மேல் இவ்வளவும் எழுந்து நின்றது. 1864-இன் பிற்பகுதியில் சமாதான வதந்தி ஒன்று கிளம்பி லிவர்பூலில் விலை சரிந்தது, பின் மீண்டது. பம்பாய்க்கு அது எச்சரிக்கையாகப் படவில்லை. விழுந்தாலும் எழும் என்பதற்கு அத்தாட்சியாகவே பட்டது. எல்லோரும் 1865 ஜூலை முதல் தேதியை வாய்தாவாக வைத்துக் கோடிக்கணக்கில் பங்கு பேரம் பேசியிருந்தார்கள். ஏப்ரல் 3-ஆம் தேதி ரிச்மண்ட் நகரம் வீழ்ந்தது. 9-ஆம் தேதி ஜெனரல் லீ சரணடைந்தார். நான்கு வருஷம் ரத்தம் சிந்திய ஒரு தேசத்தில் அமைதி பிறந்தது. நாற்பது லட்சம் அடிமைகளுக்கு விடுதலை கிட்டியது. அந்தச் செய்தி பம்பாய்க்கு இடியாக வந்தது. மனித குலம் மகிழ வேண்டிய ஒன்று ஒரு நகரத்துக்கு ஆபத்தாக முடியுமானால், அந்நகரத்தின் செல்வம் எத்தகைய அஸ்திவாரத்தில் நின்றது என்பதை யூகித்துக்கொள்ளலாம்.

மே மாதத்திலேயே பெரிய ஸ்தாபனங்கள் சாயத் தொடங்கின. ஜூலை முதல் தேதி வாய்தா நாள் வந்தபோது, கொடுக்க வேண்டியவனிடம் பணமில்லை. அவனுக்குக் கொடுக்க வேண்டியவனிடமும் இல்லை. 50,000 வரை ஏறிய பாக் பே பங்கு 2,000-க்குக் கீழே இறங்கியது. பம்பாய் பாங்கியின் பங்கு 2,850 ரூபாயிலிருந்து முடிவில் 87 ரூபாய்க்கு வந்தது. ஏறும்போது உதவிய ஏணி இறங்கும்போது அதே முறையில் எதிராக வேலை செய்தது. விலை விழுந்தால் ஈடு போதாது; ஈடு போதாவிட்டால் கடனைத் திருப்பிக் கேட்பார்கள்; திருப்பிக் கொடுக்கப் பங்கை விற்க வேண்டும்; விற்றால் விலை மேலும் விழும். சட்டசபையார் அவசரமாக 1865-ஆம் வருஷத்து பம்பாய் மூன்றாவது ஆக்டைச் செய்து, பந்தய ஒப்பந்தங்களோடு அவற்றைச் சார்ந்த ஒப்பந்தங்களும் செல்லாவென்று விதித்தார்கள். வீடு எரிந்த பிறகு தீக்குச்சியைத் தடுக்கும் சட்டங்களில் இது ஒன்று. நம் தொழிலைச் சேர்ந்தவர்கள் பிற்காலத்தில் அதன்மீது ஏராளமாக வாதாடியிருக்கிறார்கள் என்பதே அதன் முக்கிய பலன்.

மறு வருஷம் இரண்டாவது அடி விழுந்தது. 1866 மே மாதத்தில் லண்டனில் ஓவரெண்ட் கர்னி என்ற மாபெரும் உண்டியல் ஸ்தாபனம் கதவை மூடியது. அதைத் தொடர்ந்து இந்தியாவோடு தொடர்புடைய ஆக்ரா பாங்கி முதலியன பணம் கொடுப்பதை நிறுத்தின. பிரேம்சந்தின் ஆதிக்கத்தில் இருந்த ஏஷியாடிக் பாங்கியும் போயிற்று, அவரும் வீழ்ந்தார். பம்பாய் பாங்கி மூலதனம் ஏறக்குறைய முழுவதையும் இழந்து 1868-இல் கலைக்கப்பட்டது. அதே வருஷம் அதே பெயரில் புதிய பாங்கி ஒன்று தொடங்கப்பட்டது. ஸர் சார்லஸ் ஜாக்ஸன் தலைமையில் விசாரணைக் கமிஷன் அமர்ந்து, பிரேம்சந்த் பாங்கியை எவ்வாறு தம் கைப்பெட்டியாக வைத்திருந்தார் என்பதை வெளிப்படுத்தியது.

இந்தியர்களிடம் பாங்கி நிர்வாகத்தை ஒப்படைக்கலாகாது என்பதற்கு இச்சம்பவத்தை உதாரணம் காட்டுவது பிற்காலத்தில் சிலருக்கு வழக்கமாயிற்று. லண்டன் நகரத்தின் நடுவில் ஓவரெண்ட் கர்னியை நிர்வகித்தவர்கள் எந்த நாட்டார் என்று அவர்களைக் கேட்க வேண்டும். பிரேம்சந்தை நாம் குற்றமற்றவராக்க விரும்பவில்லை. பிறர் பணத்தைத் தம் நண்பர்களின் சூதாட்டத்துக்குத் திருப்பினார். தற்காலிகமான விலையை நிரந்தரமான செல்வமென்று நம்பி நகரத்தையும் நம்பச் செய்தார். ஆனால் யுத்தத்தை அவர் மூட்டவில்லை. அதை அவர் நிறுத்தவுமில்லை. அடி வெளியிலிருந்து வந்தது. அடி பட்ட சரீரம் எவ்வளவு ஆடும் என்பதே உள்ளே இருந்தவர்களின் பொறுப்பு.

நார்வே தேசத்துப் பொருளாதார அறிஞர் ராக்னர் ஃபிரிஷ், 1933-இல் எழுதிய கட்டுரையொன்றில் இந்த வித்தியாசத்தை ஆராய்ந்தார். 1969-இல் பொருளாதாரத்துக்கு முதன்முதலாக ஏற்பட்ட நோபல் பரிசில் பாதி இவருக்குக் கிடைத்தது. குழந்தைகள் ஏறி ஆடும் மரக்குதிரையை ஒரு தடியால் தட்டினால், தட்டிய விதம் ஒன்று. குதிரை ஆடும் விதம் வேறொன்று. தட்டுவது போரோ பஞ்சமோ புதிய யந்திரமோ ஆகலாம். ஆட்டத்தின் அளவையும் காலத்தையும் தீர்மானிப்பது குதிரையின் அமைப்பு. இவ்வுவமையை அவர் ஸ்வீடன் நாட்டு விக்ஸெலிடமிருந்து எடுத்துக்கொண்டார். பம்பாயின் குதிரை, பங்கின்மேல் கடன், கடனின்மேல் பங்கு என்று மெல்லிய கால்களால் செய்யப்பட்டிருந்தது. இதற்குச் சான்று வேண்டுமாயின் பஞ்சையே பாருங்கள். யுத்தம் முடிந்தபின் இந்தியப் பஞ்சின் ஏற்றுமதி பழைய அளவுக்குச் சுருங்கி விடவில்லை. 1866-இல் பிரிட்டனுக்குச் சென்ற இந்தியப் பஞ்சு, யுத்தத்துக்கு முந்திய அளவைப்போல் இரு மடங்குக்கும் மேல். கப்பல்கள் ஓடின, மூட்டைகள் ஏறின, நிலம் விளைந்தது. விலை இறங்கியது உண்மை. ஆயினும் அடியோடு மறைந்தது காகிதமே.

இந்தக் கதையில் வேறொரு வாலிபரும் வருகிறார். நஸர்வான்ஜி டாடா பிரேம்சந்தோடு கூட்டுச் சேர்ந்து லண்டனில் இந்திய பாங்கி ஒன்று ஏற்படுத்த எண்ணித் தம் மகன் ஜாம்ஷெட்ஜியை அனுப்பினார். கையிலிருந்த பஞ்சு உண்டியல்கள் அவர் போய்ச் சேர்ந்த சமயத்தில் வெறுங் காகிதமாயின. அவர் கடன்காரர்களிடம் ஒளியாமல் நிலைமையை எடுத்துச் சொன்னார். அவர்கள் அவரையே மாதம் 20 பவுன் சம்பளத்தில் கணக்குத் தீர்ப்பவராக நியமித்தார்கள். பஞ்சை விற்று வந்த பணம் எப்படிப் பறக்கும் என்று கண்டவர், 1877 ஜனவரி முதல் தேதி நாகபுரியில், பஞ்சு விளையும் இடத்திலேயே, எம்ப்ரஸ் ஆலையைத் தொடங்கினார்.

தரகர்கள் மீண்டார்கள், டாடா மீண்டார். குடியானவன்? பூனா, அகமத்நகர் ஜில்லாக்களில் நல்ல விலைக் காலத்தில் சாவுகார் கேட்டபோதெல்லாம் கடன் கொடுத்தான். 1860-களின் பிற்பகுதியில் தொடங்கிய மறு செட்டில்மெண்டில் ஸர்க்கார் அந்த நல்ல விலைகளையும் கருத்தில் வைத்து நிலத்தீர்வையைப் பல இடங்களில் மிக அதிகமாக உயர்த்தியது. விலை இறங்கியது, தீர்வை இறங்கவில்லை, சாவுகாரும் கையை மூடிக்கொண்டான். 1875 மே மாதம் சுபா என்ற கிராமத்தில் தொடங்கி ஊர் ஊராகக் குடியானவர்கள் சாவுகார்களின் வீடுகளில் நுழைந்து பத்திரங்களையும் டிக்ரிகளையும் தேடிக் கொளுத்தினார்கள். பஞ்சு விலை ஒன்றே இதற்குக் காரணமென்று நாம் சொல்லவில்லை. கலகம் நடந்த ஊர்களில் பல பஞ்சு அதிகம் விளையாதவை. தீர்வையும் பழைய கடனும் கோர்ட்டுகளின் கடுமையும் கலந்திருந்தன. ஆயினும் ஒரு வித்தியாசம் கவனிக்கத்தக்கது. திவாலான வியாபாரிக்கு இன்ஸால்வெண்டு சட்டமும் கமிஷனும் உண்டு. குடியானவனுக்கு 1879-இல் தக்ஷிண விவசாயிகள் நிவாரணச் சட்டம் வருமுன் நெருப்பைத் தவிர வேறு மனு இருக்கவில்லை. அவன் பிரேம்சந்தின் பெயரைக் கேட்டிருப்பானா என்பதே சந்தேகம்.

பிரேம்சந்த் வீழ்ந்தபின் நாற்பது வருஷம் ஜீவித்திருந்தார். இது அவருடைய சரித்திரத்தில் அதிகம் பேசப்படாத பகுதி. நமக்கு மிகவும் பிடித்த பகுதி. ஓடி ஒளியவில்லை, ஊரை விட்டுப் போகவில்லை. அதே தெருக்களில், தம்மால் நஷ்டமடைந்தோரின் முகத்தைப் பார்த்துக்கொண்டே, பழையபடி தரகுத் தொழிலை நடத்தி மெள்ள மெள்ளத் தலையெடுத்தார். பழைய அரசு திரும்பவில்லை; கௌரவம் திரும்பிற்று. 1875-இல் பம்பாய்த் தரகர்கள் ஒரு ரூபாய் நுழைவுக் கட்டணம் வைத்து 318 பேருடன் தங்கள் சங்கத்தை ஒழுங்காக அமைத்தபோது, அதை நிறுவியவர்களில் அவரும் ஒருவர். தலால் தெருவில் உள்ள பங்குச் சந்தை அதன் வழிவந்ததே. கட்டுப்பாடற்ற சந்தையின் கேட்டை அவரைவிட நன்றாக அறிந்தவர் அக்கூட்டத்தில் வேறு யார் இருந்திருக்க முடியும்?

1864-இல் கொடுத்த பணமோ, கடன்காரர் கைக்கு எட்டாமல் ஸர்வகலாசாலையில் பத்திரமாக இருந்தது. மணிக்கூண்டுக்கு 1869-இல் அஸ்திவாரமிட்டு 1878 நவம்பரில் முடித்தார்கள். சென்னை, பம்பாய் ராஜதானிகளையும் மைசூரையும் சூறையாடிய தாது வருஷப் பஞ்சம் அப்பொழுதுதான் ஓய்ந்திருந்தது. அவருடைய தாயாருக்குக் கண் தெரியாதென்றும், ஜைன ஆசாரப்படி அஸ்தமனத்துக்கு முன் உணவு கொள்ள மணியோசை அவருக்கு உதவியதென்றும் ஒரு கதை வழங்குகிறது. கல்கத்தாவில் அவர் பெயரால் ஏற்பட்ட பரிசை ஆசுதோஷ் முகர்ஜியும் சரித்திராசிரியர் யதுநாத் ஸர்க்காரும் தங்கள் வாலிபத்தில் பெற்றார்கள்.

1906-இல் பிரேம்சந்த் காலமானார். அதே வருஷம் அக்டோபர் மாதத்தில்தான் நம் சென்னையில் ஆர்பத்நாட் கம்பெனி முறிந்து, பென்ஷன்காரர்களும் விதவைகளும் அதன் வாயிலில் நின்று கதறினார்கள். அங்கே அமெரிக்க யுத்தமும் இல்லை, பஞ்சு அரசரும் இல்லை. அந்தக் கதையை மற்றொரு சமயம் எழுதுவோம்.